கடை திறக்குமுன் காண வேண்டிய வரலாறு

நம் சங்கத்தின் துணையால் கல்வி பெற்ற இளைஞர்களுள் பலர், அரசுப் பணியை எதிர்நோக்கிக் காத்திருப்பதை விடுத்துச் சிறுதொழில் தொடங்க முன்வருகின்றனர். தாட்கோ வாயிலாகவும் வங்கிகள் வாயிலாகவும் கடன் பெற வழி ஏற்பட்டிருக்கிறது. ஆயினும் கடன் கிடைக்கிறது என்பது ஒன்றே தொழில் தொடங்கப் போதிய காரணமாகாது. நமக்கு முன்னே முயன்றவர்கள் எவ்வாறு நின்றனர், எங்கே வழுக்கினர் என்பதை அறிந்து இறங்குவது நலம்.

அண்ணல் அம்பேத்கர் ஒரு தொழில் தொடங்கினார் என்பதை நம்மில் பலர் அறியார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்று 1917-இல் தாயகம் திரும்பிய அவர், பரோடாவில் தங்குவதற்கு ஓர் இடமும் கிடைக்காமல் விரட்டப்பட்டுப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கே பங்கு வணிகம் செய்வோருக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றை நடத்தினார். ஆலோசகர் தீண்டப்படாத வகுப்பினர் என்று தெரியவந்ததும் வாடிக்கையாளர் வரவு நின்றது, நிலையம் மூடப்பட்டது. 1918 நவம்பரில் அவர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார்.

அறிவில் குறையா? உழைப்பில் குறையா? இரண்டும் இல்லை. வாணிப நூல்களைப் புரட்டினால் 'உன் வாடிக்கையாளர் யார்?' என்ற வினா முதலில் நிற்கும். 'வாடிக்கையாளர் உன்னை யாரென்று எண்ணுவர்?' என்ற வினா அந்நூல்களில் இராது; அவற்றை எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைப்பதும் ஊர்த்தெருவில் சிற்றுண்டிக் கடை வைப்பதும் ஒன்றல்ல. வண்டி நின்றுபோனவன் பட்டறைக்காரனின் குலத்தைக் கேட்டுக்கொண்டிரான். இட்டிலி உண்ண வருபவன் கேட்டறிந்த பின்னரே படியேறுவான். ஆகையால் சிற்றுண்டிக் கடையே வைக்கலாகாது என்பதன்று என் கருத்து. வைப்பதும் ஒரு போராட்டமே. ஆனால் எத்தனை மாத இழப்பைத் தாங்க முடியும் என்று கணக்கிட்ட பின்னரே அப்போராட்டத்தில் இறங்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான வழியை அம்பேத்கருக்கு முன்பே ஒருவர் கண்டிருந்தார். அவர் இரட்டைமலை சீனிவாசன். 1893 அக்டோபரில் அவர் சென்னையில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். மறைத்தால் வாழலாம் என்று பிறர் கருதிய பெயரையே தலைப்பில் பொறித்து விற்றார். நம் மக்களின் குறைகளைச் சொல்ல இதழ் ஒன்று தேவை என்பது அவர் கண்ட உண்மை. தேவை இருக்கும் இடத்தில் பொருளைக் கொண்டுபோய் வைத்தார். வாங்குவோர் தம்மவராக இருந்தமையால் பெயரே விளம்பரமாயிற்று.

அவர் முதலிட்ட முறை மிகவும் கவனிக்கத்தக்கது. நான்கு பக்கத் திங்களிதழ். தொடக்கச் செலவு ஏறத்தாழப் பத்து ரூபாய். இரண்டே நாளில் சென்னையில் நானூறு படிகள் விற்றதாக அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மூன்று திங்களில் அது கிழமை இதழாயிற்று. இரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே சொந்த அச்சகம் அமைந்தது. அதாவது, முதலில் பிறர் அச்சகத்தில் அச்சிட்டு, விற்குமா என்று பார்த்து, விற்ற பிறகே எந்திரம் வாங்கினார். நம் இளைஞர்களில் சிலரோ கடன் தொகை கைக்கு வந்த நாளே எந்திரத்தை வாங்கி வாசலில் இறக்கிப் பூசையும் போட்டு விடுகின்றனர். வேலை கொடுப்பார் யார் என்று தேடுவது அதற்கு மறுநாள்! சென்னைக்கு வருமுன் சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையத்தில் கணக்கராக இருந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வரவும் செலவும் எழுதிப் பழகிய கை அது.

விலையை வாங்குவோர் நிலைக்கு ஏற்ப அமைத்தவர் பண்டித அயோத்திதாசர். 1907 சூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்த அவருடைய கிழமை இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே கட்டிவைப்பது துணிச்சலான செயல். நாளை காகித விலை ஏறினால் என் செய்வது? அடுத்த ஆண்டில் 'ஒரு பைசா' நீங்கி இதழ் 'தமிழன்' ஆயிற்று.

இவ்விரு முயற்சிகளுக்கும் பொதுவான ஓர் இடர் உண்டு. 1900-இல் சீனிவாசனார் அயல்நாடு புறப்பட்டதோடு 'பறையன்' நின்றது. 1914-இல் பண்டிதர் மறைந்த பின் 'தமிழன்' நெடுநாள் நிலைக்கவில்லை. 1926-இல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அதை மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று. ஒருவரின் தோளில் மட்டும் நின்ற தொழில் அவர் விலகியதும் சாய்ந்தது. கணக்கும் சரக்கும் அறிந்த இரண்டாம் ஆள் ஒருவர் உள்ளாரா என்பதைக் கடை திறக்குமுன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலர் தோள் கொடுத்து நின்ற கடைக்கு எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் உள்ளது. ராச்டேல் என்னும் ஆலை நகரத்து ஏழைத் தொழிலாளர் இருபத்தெண்மர், அவர்களுள் நெசவாளர் பலர், வாரத்துக்கு இரண்டு மூன்று பென்னிகளாகச் சேர்த்து 28 பவுன் திரட்டினர். 1844 டிசம்பர் 21 மாலையில் டோட் சந்தில் கடை திறந்தனர். இருந்த சரக்கு வெண்ணெய், சருக்கரை, மாவு, ஓட்ஸ் ஆகியவை. ஒரு தள்ளுவண்டியில் முழுவதையும் ஏற்றிவிடலாம் என்று அண்டைக் கடைக்காரர்கள் எள்ளினர். முதலில் வாரம் இரண்டு மாலை மட்டுமே திறந்தனர். பகலில் அவரவர் வேலையை விடவில்லை. நம்மவர்க்கும் இது பொருந்தும்: கடை தன் காலில் நிற்கும் வரை கைவேலையைத் துறவாதிருத்தல் நலம்.

அவ்வூரில் அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் அதே நோக்குடன் திறந்த கடையொன்று கடன் கொடுத்தே அழிந்திருந்தது. ஆகவே புதியவர்கள் கடன் விற்பனையே இல்லை என்று விதித்தனர். நம் கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை தொங்குகிறது. அதன் கீழேயே கடன் நோட்டும் தொங்குகிறது. சொந்தச் சேரியில் கடை வைத்தவன் சிற்றப்பனுக்கும் அத்தைக்கும் இல்லை என்று எப்படிச் சொல்வான்? ராச்டேல் மக்கள் இதற்குக் கண்ட வழி நுட்பமானது. மறுப்பவன் கடைக்காரன் அல்லன், விதி. அவ்விதியை வகுத்தவர்களும் வாங்குகிற உறுப்பினர்களே. மிச்ச இலாபம் அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிரப்பட்டமையால், ரொக்கம் கொடுத்தவனுக்கு அதில் ஒரு பங்கு திரும்பி வந்தது. 1860-இல் உறுப்பினர் தொகை மூவாயிரத்தைத் தாண்டிற்று. 1904-இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் இம்முறையைப் பார்த்து எழுந்ததே.

இன்னொன்றும் அவர்கள் செய்தனர். கடைக்கு மேல் மாடியில் செய்தித்தாள் படிக்கும் அறையும் நூலகமும் வைத்தனர். 1853 முதல், பங்கு பிரிக்குமுன் மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென எடுத்து வைத்தனர்.