கற்றல் ஏணி பிறந்த கதை

ஆந்திரத்தில் மதனப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்கள் வறண்ட பூமி. கடலைக்காய் பிடுங்கும் நாட்களில் வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும். ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பாடமோ யாருக்காகவும் நிற்காது. சில வாரம் கழித்து வரும் பிள்ளைக்கு நடத்துவது ஒன்றும் புரியாது. புரியாத இடத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? மெல்ல நின்றுவிடும். பதிவேட்டில் அதற்கு ‘இடைநிற்றல்’ என்று பெயர். குற்றம் பிள்ளையுடையது என்றே ஊரும் நம்பும்.

1980களின் பிற்பகுதியில், அந்தப் பகுதியில் உள்ள, சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலிப் பள்ளியைச் சேர்ந்த கிராமக் கல்வி மையத்துக்கு ராமா, பத்மநாப ராவ் தம்பதியர் பொறுப்பேற்றார்கள். சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் தொடங்க வேண்டும். ஒரே அறை, பல வயதுப் பிள்ளைகள், எதிரே ஒரே ஆசிரியர். ஒரு பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படி நடத்துவது? ராவ் தம்பதியர் புத்தகத்தையே பிரித்தார்கள். பாடம் சின்னச் சின்ன அட்டைகளாயிற்று. அட்டைகளை வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டிய படம்தான் ஏணி.

ஏணியின் ஒவ்வொரு கட்டத்திலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு என்று அட்டைகள் இருக்கும். மதிப்பீட்டில் தடுமாறினால் குறைதீர் அட்டை. தேறிவிட்டால் இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செய்து பார்க்க வளமூட்டும் அட்டை. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் தன் அட்டையைத் தானே எடுக்கும்படி ஒவ்வொன்றிலும் ஒரு படச் சின்னம். அறுவடைக்குப் போய் வந்த பிள்ளை ஏணியைப் பார்க்கும், விட்ட படியைக் கண்டுபிடிக்கும், அங்கிருந்து தொடரும். மாற்றுக் கல்வி பற்றி எத்தனையோ பெரிய தத்துவங்கள் படிக்கக் கிடைக்கின்றன. கூலிவேலை செய்யும் வீட்டுப் பிள்ளையின் நாட்காட்டியை மதித்துப் பிறந்த முறை என்பதால் இதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

தமிழ்நாட்டுக்கு இது வந்த வழியும் அத்தகையதே. வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது எம்.பி. விஜயகுமார் கொத்தடிமைச் சிறார்களை மீட்டுப் படிக்கவைக்கும் வேலையில் இறங்கினார். பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்காரவைப்பது? விடை தேடியபோது கிடைத்தது ரிஷிவேலி முறை. பின்னர் அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கியது. 2007–08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், ஏறத்தாழ 37,000 பள்ளிகளுக்கு, அது போய்ச் சேர்ந்தது.

வகுப்பறையின் உருவமே மாறியது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதி நெடுகக் கரும்பலகை. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓரிடம். தலைக்குமேல் கம்பிப் பந்தல் கட்டி, அன்றன்று வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டார்கள். நல்லா வரைகிற பிள்ளையின் படம் மட்டுமில்லை, எல்லாப் படமும் அதில் தொங்கும். செயல்வழிக் கற்றல் வகுப்பில் எனக்கு மிகப் பிடித்தது அந்தப் பந்தல்தான்.

பெருவாரியாகப் பரப்பியதில் இடறலும் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு படியில் நிற்கும்போது அத்தனை பேரையும் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். கிழியும் அட்டைக்கு மாற்று அட்டை வேண்டும். ரிஷிவேலியில் ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கியது, இங்கே மேலிருந்து வந்த ஆணையாகப் பல பள்ளிகளுக்குப் போயிற்று. தான் செய்யாத அட்டையை மனமொப்பிக் கையாள ஓர் ஆசிரியருக்குக் காலம் பிடிக்கும். அந்தக் காலத்தை நாம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கத் தொடங்கியது. இந்தத் தடவையாவது, பயிற்சிநூலை எழுதும் மேசையில் உட்காருவோரில் பாதிப் பேராவது ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளின் ஆசிரியர்களாக இருக்க வேண்டும்.