அடுப்பும் குக்கரும்: வழிப்பயணச் சமையலின் இரு சொற்கள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையாகிய எழுவான்கரையில், கல்முனை வீதியோரம் கிரான்குளத்தை அடுத்து அமைந்த குருக்கள்மடத்திலும் அதன் அயலூர்களிலும், தீயேற்றிச் சமைக்கும் பொருளுக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. விறகு எரிவது அடுப்பு. மண்ணெண்ணெயோ எரிவாயுவோ எரிவது பெரும்பாலும் குக்கர். தமிழ்நாட்டு வாசகருக்குக் குக்கர் என்றதும் விசிலடிக்கும் மூடிய பாத்திரமே நினைவுக்கு வரும்; அங்கே ஸ்டவ் எனப்படுவது இலங்கையில் குக்கர் ஆயிற்று. பிரித்தானிய ஆங்கிலத்தில் அச்சொல் அடுப்பையே குறிக்கும். அப்பொருளே மாறாமல் ஈழத்துத் தமிழில் நிலைத்துவிட்டது.

அடுப்பு என்னும் பெயரின் அடி, சமைத்தலைக் குறிக்கும் 'அடு' என்ற வினை. அடிசில், அட்டில், அடுக்களை ஆகிய சொற்களும் அதே வேரில் கிளைத்தவை. மலையாளத்தில் அடுப்பு அதே வடிவில் நிற்க, கன்னடம் சமையலை அடிகெ என்கிறது. குமணனைப் பெருந்தலைச்சாத்தனார் பாடிய புறநானூற்று 164ஆம் பாட்டில், சமைப்பதையே மறந்து காளான் பூத்துக் கிடக்கும் ஓர் அடுப்பு வறுமையின் அடையாளமாக வருவதால், இச்சொல் சங்க காலத்திலேயே அன்றாட வழக்கில் இருந்தமை தெளிவு. அடுப்பு தன் பெயரைக் கல்லிலிருந்தோ மண்ணிலிருந்தோ விறகிலிருந்தோ பெறாமல் செய்யும் தொழிலிலிருந்து பெற்றமையால், எரிபொருள் எது மாறினாலும் அதற்குப் பெயர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. உமியடுப்பு, கரியடுப்பு, மரத்தூளடுப்பு, மின்னடுப்பு என முன்னொட்டு மட்டும் மாறி வந்தது. இவ்வளவு இடங்கொடுக்கும் சொல் கையில் இருந்தும் எழுவான்கரை வேறொரு சொல்லை ஏற்றதற்குக் காரணம் உண்டு.

அக்காரணத்துக்கு முன், குக்கர் வந்து சேர்ந்த அறையின் பெயரையும் நோக்க வேண்டும். மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டிப் பத்தே ஆண்டுகளில், 1638இல், அதை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆனால் ஈழத்துத் தமிழில் அவர்கள் விட்டுச்சென்ற கதிரை, அலுமாரி, அலவாங்கு முதலிய சொற்கள் இன்றும் நிற்கின்றன. சமையலறையைக் குறிக்கும் குசினியும் அவற்றுள் ஒன்று. அது 'கொஸீஞ்ஞ' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். அச்சொல்லுக்கு மூலம், சமைத்தலைக் குறிக்கும் 'கொக்வெரே' என்ற இலத்தீன் வினை. ஆங்கிலேயரோடு பின்னாளில் வந்த குக்கரும் அதே இலத்தீன் வேரினது. ஒரு வேர் இரு ஐரோப்பிய மொழிகள் வழியாக, வேறு வேறு காலத்தில் கடல் கடந்து வந்து, ஒரே வீட்டில் அறையாகவும் அதனுள் வைக்கும் பொருளாகவும் சேர்ந்துகொண்டது. அடுக்களையும் அடுப்பும் ஒரு தாய் மக்களாய் இருப்பது போலவே குசினியும் குக்கரும் இருக்கின்றன என்பது இவ்வட்டாரத் தமிழின் அழகிய பொருத்தங்களுள் ஒன்று.

இனிப் பயணத்துக்கு வருவோம். வழிநடையிற் செல்வோர் பழங்காலத்தில் அடுப்பைச் சுமந்ததில்லை. பானை, அரிசி, உப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, தங்குமிடத்தில் மூன்று கல் தேடி வைத்தால் அடுப்பு பிறந்துவிடும். புறப்படும்போது அதை அங்கேயே விட்டுவிடலாம். துறை கடந்து வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையின் வயல்களுக்குச் சென்று, வாடி எனப்படும் தற்காலிகக் குடிலில் தங்கி வேளாண்மை பார்ப்போரும் இம்முறையே கொண்டனர். ஆடிவேல் விழாவுக்காக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் உகந்தை முருகன் கோயில் வழியாகவும் குமண, யால காடுகளினூடாகவும் கதிர்காமத்துக்கு நடக்கும் யாத்திரிகரும் காய்ந்த சுள்ளி பொறுக்கிக் கல்லடுப்பில் உலை வைத்தே சென்றனர். அந்த யாத்திரைக் காலம், மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றின் காலமுமாகும். ஆகையால் அடுப்பின் வாயைக் காற்றுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, காற்று வரும் பக்கத்தில் பெரிய கல்லை வைத்து, இடுக்கை மண்ணால் அடைப்பதே தக்க முறை. இல்லையெனில் தீ பானையின் அடியில் நில்லாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். சிரட்டை விரைந்து எரிந்து நல்ல தணல் தரும். பொச்சுமட்டை மெல்லப் புகைந்து தீயை நெடுநேரம் காத்து வைக்கும்.

மண்ணெண்ணெய் வந்தபோதுதான் தீ, கலனுக்குள் அடைத்து எடுத்துச்செல்லும் பொருளாயிற்று. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், எள் என்னும் பொருள் மறைந்து பொதுச்சொல்லாகி, மண்ணோடு சேர்ந்து நிலத்தடி எண்ணெயைக் குறித்தது. சிங்களத்தில் அதற்கு வழங்கும் 'பூமிதெல்' என்பதும் அதே கருத்தினது. சுவீடனைச் சேர்ந்த ஃபிரான்ஸ் லிண்ட்குவிஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பில் திரி கிடையாது. தண்டின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சூடேற்றிய பின் பம்பு அடித்தால், மேலேறும் எண்ணெய் ஆவியாகி, நுண்துளை வழியே சீறி, புகைக்கரி படியாத நீலச் சுவாலையாக எரியும். சூடேறுமுன் அவசரப்பட்டுப் பம்பு அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் பீச்சியடித்து மஞ்சள் தீயாய் எழும். திரிக் குக்கருக்கு இத்தனை சிரமமில்லை. எனினும் கச்சான் காற்றின் முன் அதன் சுவாலை நிற்காது. எவ்வகையாயினும், எரிபொருளுக்கெனத் தொட்டி வைத்து, தீயைக் கூட்டவும் குறைக்கவும் திருகி வைத்த இக்கருவி, இருக்கும் இடத்திலேயே அமைத்துக்கொள்ளும் அடுப்பிலிருந்து அறவே வேறுபட்டது. எழுவான்கரை மக்கள் இதற்குத் தனிப்பெயர் ஏற்றது இவ்வேறுபாட்டை உணர்ந்தமையாலேயே எனக் கொள்வது பொருந்தும்.

வானிலோ லொறியிலோ உகந்தைக்குச் செல்வோருக்குக் கருவியைவிட எரிபொருளைத் தேர்வதே முதன்மையானது. பாரம் வண்டி மேல் ஏறுவதால், நடந்து செல்வோர் எண்ணவும் முடியாத எரிவாயுச் சிலிண்டரை இவர்கள் எடுத்துச்செல்லலாம். இலங்கையில் 12.5 கிலோ, 5 கிலோ, 2.3 கிலோ அளவுகளில் அது விற்கப்படுகிறது. சில நாள் பயணத்துக்குச் சிறு குடும்பத்தினர் பெரியதைச் சுமப்பது வீண். சிலிண்டரிலுள்ள வாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் கொதிப்பது ஏறத்தாழ -0.5 பாகை செல்சியசில் என்பதால், வெப்பமான கிழக்குக் கரையில் அது தடையின்றி ஆவியாகும். சில தை மாத விடியல்களில் உறைபனி காணும் நுவரெலியாவில், பியூட்டேன் மட்டும் அடைத்த சிறு குப்பி சோர்ந்துவிடும். புரோப்பேன் -42 பாகையிலேயே ஆவியாவதால் குளிரிலும் கைகொடுக்கும்.

இவ்விரு வாயுக்களும் காற்றினும் கனமானவை. வண்டிக்குள் கசிந்தால் மேலெழுந்து வெளியேறாமல் தரையில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கட்ட வேண்டும் என்பதும், மழை பெய்தாலும் கதவடைத்த வண்டிக்குள் சமைக்கலாகாது என்பதும் உயிர் சார்ந்த விதிகள்; மூடிய இடத்தில் எரியும் எந்தச் சுவாலையும் மணமற்ற காபன் மொனொக்சைட்டை வெளியிடக்கூடும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி, எந்த எரிபொருள் என்ற தேர்வை எரிபொருள் கிடைக்குமா என்ற கேள்வியாகச் சுருக்கியது. எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர, அதை நம்பி வள்ளம் செலுத்திய மீனவரும் திணறினர். ஓய்ந்திருந்த விறகடுப்பு பல வீடுகளில் மீண்டும் எரிந்தது. தைப்பொங்கலுக்கு முற்றத்தில் மூன்று கல் வைத்தே பானை ஏற்றும் வழக்கம் விடாது இருந்துவந்தமையால், கல்லை எப்படி வைப்பது, தணலை எப்படிக் காப்பது என்பதை அவ்வீடுகள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.