வந்த புத்தகம், தேடிய புத்தகம்

பாலாற்றுப் பக்கத்து ஊர்களான ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றின் பெயரைச் சொன்னால் டேனரியும் ஷூ கம்பெனியும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகின்றன. இந்த வட்டாரத்தில் புத்தகம் கிடைத்து, அதில் மகிழ்ந்து, அந்த மகிழ்ச்சியைப் பிறருக்கு எழுதிக் காட்டிய இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஒருவர், மு. வரதராசன் (மு.வ.) இன்னொருவர். பதவிகளையும் பட்டங்களையும் ஒதுக்கிவிட்டு வெறும் இளம் வாசகர்களாக இருவரையும் அருகருகே நிறுத்தினால், இன்று புத்தகத்தைப் பற்றி எழுதத் தொடங்கும் மாணவர்களுக்கு நிறையக் கிடைக்கிறது.

1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் வாலாஜாபேட்டைப் பள்ளியிலும் பின்னர் வேலூர் ஊரீசு கல்லூரியிலும் படித்தார். பி.ஏ. படிக்கச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனபோது எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி வந்தது. வீட்டில் வசதி இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய பாடப்புத்தகங்களைக் கொடுத்தார். ஸ்டவுட் எழுதிய உளவியல், வெல்டன் எழுதிய தருக்கவியல், மெக்கன்சி எழுதிய அறவியல் ஆகியவை அவை. கையில் கிடைத்த புத்தகங்களே தத்துவத்தை அவருடைய பாடமாக்கின. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தேடிப் போகாமலே புத்தகம் வந்து சேர்ந்தது.

மு.வ.வின் கதை நேர் எதிரானது. 1912இல் பிறந்த அவருடைய இளமை வாலாஜாவை அடுத்த வேலம் கிராமத்தோடு பின்னிப்பிணைந்தது. திருப்பத்தூரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்ததும் அங்கேயே தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை. உடல்நலம் குன்றி அந்த வேலையை விட நேர்ந்தது. அந்த ஓய்வுக் காலத்தில் அவர் தமிழைப் பிடித்துக்கொண்டார். திருப்பத்தூர் முருகைய முதலியாரிடம் பாடம் கேட்டார், மீதியைத் தாமே படித்தார். கல்லூரி வாசலை மிதிக்காமலே 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாகத் தேறி, திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசைப் பெற்றார். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ராதாகிருஷ்ணனுக்கு வகுப்பறை இருந்தது, எதிர்வாதம் செய்ய ஆசிரியர்கள் இருந்தார்கள். மு.வ. பாடங்களில் பெரும்பகுதியைத் தனியாகவே கடந்தார். கடினமான பாட்டு ஒன்று பிடிபடும்போது வரும் மகிழ்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ள அவருக்கு அருகில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பிற்காலத்தில் அவர் வாசகரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுவதுபோல எழுதியதற்கு அந்தத் தனிமையும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது மூன்றாவது. மு.வ. இரண்டாம் விதிக்குச் சாட்சி, ராதாகிருஷ்ணன் மூன்றாம் விதிக்குச் சாட்சி. ஆனால் கல்லூரி முடித்த உறவினர் அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் இருந்தார்? டேனரியில் தோல் சுமந்தவர் வீட்டில் நிச்சயம் இல்லை. அந்த உறவினரின் இடத்தை நிரப்பத்தான் பொது நூலகம் வந்தது. ரங்கநாதனின் உழைப்பில் உருவான சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் கொண்டுவந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக இன்று சேர்கிறது. ஆம்பூரில் வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, யாரோ ஒரு பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கிற உறவினராகிறார்.

படித்ததைப் பற்றி எழுதிய விதத்தில்தான் இருவரும் உண்மையில் பிரிகிறார்கள். ராதாகிருஷ்ணனுக்கு மதிப்புரை என்பது பதில் சொல்வது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று மிஷனரி ஆசிரியர்கள் சொன்னது அவரை உறுத்தியது. இருபது வயதில், 1908இல், எம்.ஏ. பட்டத்துக்கு வேதாந்தத்தின் அறவியலையே பொருளாக எடுத்து மறுத்து எழுதினார். தத்துவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தார். ஹாக் பாராட்டினார். மாணவன் ஆசிரியரிடமே மாறுபடுவதும், ஆசிரியர் அதை மதிப்பதும் இளம் வாசகர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பேறு.

மு.வ. யாரையும் மறுக்கப் போகவில்லை. தான் படித்து மகிழ்ந்ததை, படிக்க வாய்ப்பில்லாதவருக்கு எடுத்துப் பரிமாறினார். ‘ஓவச் செய்தி’யில் அகநானூற்றுப் பாட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நூல் முழுக்கப் பேசுகிறார். அவசரமில்லாமல் ஒரு பாட்டிலேயே தங்குவதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை. ‘குறுந்தொகை விருந்து’, ‘நெடுந்தொகை விருந்து’ ஆகியவையும் அப்படிப்பட்டவை. 1949இல் வந்த ‘திருக்குறள் தெளிவுரை’ கையடக்கப் புத்தகமாக இன்றும் சட்டைப் பையில் போகிறது.

தாகூரைப் பற்றி இருவருமே எழுதியிருக்கிறார்கள். 1918இல் ஆங்கிலத்தில் வந்த ராதாகிருஷ்ணனின் நூல் தாகூரின் தத்துவத்தைப் பற்றியது. தாகூரின் கருத்துகள் கிறிஸ்தவத்திலிருந்து வந்தவை என்றவர்களுக்கு, அவை இந்தியாவின் பழைய ஞானமே என்று அதில் வாதாடுகிறார். மு.வ.வின் ‘கவிஞர் தாகூர்’, தாகூர் என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்ட தமிழ் வாசகருக்கு அவர் வாழ்க்கையை எடுத்துச் சொல்கிறது. முன்னதை அறிஞர்கள் படிக்க வேண்டும். பின்னதைப் பத்தாம் வகுப்பு முடித்த எவரும் படிக்கலாம்.

இரண்டு வழியிலும் குறை உண்டு. பதில் சொல்ல உட்கார்ந்தவர் சில சமயம் தன் பக்கத்தை மிக அழகாகக் காட்டிவிடுகிறார். தாகூரின் பாட்டு ஒதுங்கி வேதாந்தம் முன்னால் வந்து நிற்கிறது. பரிமாறுகிறவரோ அறிவுரையில் இறங்கிவிடுகிறார். மு.வ.வின் நாவல்களில் பாத்திரங்கள் பேச்சை நிறுத்திவிட்டு நெறி சொல்லத் தொடங்கும் இடங்களில் இன்றைய பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எங்கே தொடங்குவது என்று ஒரு பிள்ளை கேட்டால், மு.வ.வின் வழியில் தொடங்கு என்பேன். பிடித்ததைப் பிடிக்கும்படி சொல்லத் தெரிந்த பிறகு சண்டை போடுவது எளிது. வெறும் சண்டையில் தொடங்கியவருக்கு ரசனை வராமலே போய்விடலாம்.

இந்த வட்டாரத்தில் பரிமாறும் மரபு மொழி எல்லையையும் தாண்டியிருக்கிறது. உருது பேசும் வீடுகள் நிறைந்த வாணியம்பாடியில், 1919இல் தோன்றிய இசுலாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். உருதுக் கவிதை வடிவமான கஜலைத் தமிழில் எழுதிக் காட்டித் தமிழ் வாசகர்களை அந்த வடிவத்துக்குப் பழக்கினார். வீட்டில் உருதும் பள்ளியில் தமிழுமாக வளரும் ஆம்பூர்ப் பையனுக்கு இந்த வேலை இயல்பாகவே கைவரும். அம்மாவும் தாத்தாவும் ரசிக்கிற கவிதையை வகுப்பு நண்பனுக்கு அவன் தமிழில் சொன்னாலே அது ஒரு மதிப்புரைதான்.

இன்று அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் நடக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு புத்தகங்கள் போகின்றன. ‘தேன்சிட்டு’ இதழ் வருகிறது. நூலகப் பாடவேளையும் இருக்கிறது. இவை நல்ல முயற்சிகள், மனமார வரவேற்கிறேன். கவலை ஒன்றுதான். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், கதைச் சுருக்கம், நீதி என்று கட்டம் போட்டுக் கேட்டால் பிள்ளை கட்டத்தை நிரப்பிவிட்டு எழுந்துவிடும். அதில் ராதாகிருஷ்ணனின் மறுப்புக்கும் இடமில்லை, மு.வ.வின் விருந்துக்கும் இடமில்லை.

பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் எழுதிய ‘தகப்பன் கொடி’ நாவல் 2001இல் வந்தது. ராதாகிருஷ்ணனும் மு.வ.வும் எழுதாமல் விட்ட ஒரு வாழ்க்கை, இந்த மண்ணின் தலித் மக்களுடைய வாழ்க்கை, அதில் இருக்கிறது. அம்மா ஷூ கம்பெனிக்கு ஷிப்ட் போகும் ஒரு கல்லூரி மாணவி அதைப் படித்தால், எது சரியாக வந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று வெளியூர் விமர்சகர் எவரையும்விட உறுதியாகச் சொல்ல முடியும். மறுக்கவும் அவளுக்கு விஷயம் உண்டு, பரிமாறவும் உண்டு. அவள் எழுதிய இரண்டு பக்கத்தை மதிப்பெண் போட்டுக் கட்டிவைக்காமல், நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் கடைசி அட்டைக்குள்ளேயே ஒட்டிவைக்கலாம். அடுத்து அதை எடுத்துப் போகிறவர் நாவலோடு அவள் சொன்னதையும் படிப்பார், ஒத்துப்போகவில்லை என்றால் அதன் கீழேயே தன் பதிலை எழுதுவார்.