சும்மா இருக்கும் மூளை

எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு திண்ணையிலேயே கிடந்தால், "கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அக்கறையல்ல, நக்கல். 1794-ல் வாலன்டைன் கானலி என்ற வெள்ளைக்கார வைத்தியர் புரசைவாக்கத்தில் நடத்திய காப்பகத்திலிருந்து வளர்ந்தது அந்த மனநல ஆஸ்பத்திரி. கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871-ல். வெகுகாலம் அடைத்து வைப்பதுதான் பிரதானம். சிகிச்சைகள் பிறகுதான்: 1938-ல் ரோமில் கரண்ட் வைத்தியம் பிறந்தது, 1950களில் மனச்சோர்வுக்கான இமிப்ரமின் மாத்திரை.

நான் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுப்பவன். எண்ணெய்த் தலையோடு வந்தால் கம்பி சரியாக ஒட்டாது. தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வேன். "கண்ணை மூடுங்க, தூங்கிடாதீங்க." பின்னந்தலையில் விநாடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலை ஓடும், கண்ணைத் திறந்தால் அடங்கும். ஹான்ஸ் பெர்கர் 1929-ல் எழுதியது இதைத்தான். வலிப்பைக் கண்டறிய இ.இ.ஜி. பெரிய துணை. மனச்சோர்வை இதை வைத்து உறுதிசெய்ய முடியாது.

சும்மா இருக்கும்போதுதான் மூளையின் சில பகுதிகள் மும்முரமாகின்றன என்று மார்கஸ் ரைக்கிள் குழு 2001-ல் சொன்னது. மனச்சோர்வில் மனம் தன்னையே அசைபோடுவதோடு இந்தப் பகுதிகளின் பின்னலைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஹெலன் மேபர்க் குழு கவனித்தது மூளையின் ஆழத்திலுள்ள 25-ஆம் பகுதியை. அதன் இயக்கம் சோர்வில் கூடி, தேறியவர்களிடம் தணிந்தது. 2005-ல் அங்கே மின்கம்பி வைத்த 6 பேரில் 4 பேர் தேறினார்கள். சின்னக் கணக்குதான்.

சிப்காட் ஷிஃப்ட் பையன்கள் கேட்கிறார்கள்: "மனச்சோர்வு ஸ்கேன்ல தெரியுமாண்ணே?" தெரியாது தம்பி, டாக்டர்கிட்ட மனசுவிட்டுப் பேசு; மாத்திரை கொடுத்தா சில வாரம் பொறு என்பேன்.