பள்ளி செல்லாத ஜனாதிபதி

ஏழைக் குடிலிற் பிறந்து நாட்டின் தலைமைப் பதவியை எய்தியோரின் கதைகளை மாணவர்க்கு எடுத்துரைப்பதில் ஆசிரியராகிய நமக்கு என்றுமே ஒரு விருப்பம் உண்டு. மரக்குடிசையிற் பிறந்த ஆபிரகாம் லிங்கனின் பெயரை அறியாத மாணவர் மிகச் சிலரே. ஆயின், லிங்கன் உயிர்நீத்த அன்றே, அதாவது 1865 ஏப்ரில் 15ஆந் திகதியே, அவருடைய இடத்துக்கு வந்த அன்ட்ரூ ஜோன்சனைப் பற்றி நாம் பேசுவதில்லை. லிங்கனாவது விட்டுவிட்டுச் சில மாதங்கள் பள்ளிக்குச் சென்றவர். ஜோன்சனோ ஒரு நாளேனும் பள்ளியில் அமர்ந்து படித்தவரல்லர். ஊசியும் நூலும் பிடித்த கையாற் பின்னர் நாட்டின் சட்டங்களுக்கு ஒப்பமிட்டவர். ‘முயன்றால் உயரலாம்’ என்னும் பாடத்துக்கு இவரினுஞ் சிறந்த சான்று கிடைப்பது அரிது. இருந்தும் அக்கதை சொல்லப்படாமைக்குக் காரணம் உண்டு: கதையின் முடிவு அப்பாடத்துக்கு இசைந்து வருவதில்லை. அதனாலேயே அது நாம் கற்கவேண்டிய கதையாகின்றது.

ஜோன்சன் 1808 டிசெம்பர் 29ஆந் திகதி வட கரோலைனா மாநிலத்தின் தலைநகரான ராலியிற் பிறந்தார். பிறந்த இடம் ஒரு விடுதியின் வளவிலிருந்த சிறு வீடு. தந்தை ஜேக்கப் ஜோன்சன் அவ்விடுதியிற் குதிரைகளைப் பராமரித்தும், வங்கியொன்றில் எடுபிடி வேலை செய்தும், நகரக் காவலராக இருந்தும் பிழைத்தவர். தாய் மேரி நெசவும் சலவையும் செய்து உழைத்தவர். நீரில் மூழ்கவிருந்த நகரத்துப் பெரிய மனிதர் சிலரைக் குதித்துக் காப்பாற்றிய ஜேக்கப், அதன்பின் உடல்நலங் குன்றி 1812 சனவரியில் இறந்தார். அன்ட்ரூவுக்கு அப்போது வயது மூன்று. அத்தந்தைக்கு ஊரார் நினைவுக்கல் நாட்டியது 1867ஆம் ஆண்டில். மகன் ஜனாதிபதியான பின்னரே!

தாய் மறுமணஞ் செய்தார். அதனாலும் வறுமை தீரவில்லை. பிள்ளைகளுக்குச் சோறிடும் வழி ஒன்றே இருந்தது. மூத்தவன் வில்லியமும் இளையவன் அன்ட்ரூவும் ஜேம்ஸ் செல்பி என்ற தையற்காரரிடம், இருபத்தொரு வயது நிரம்பும்வரை கட்டுப்பட்டு வேலை பழகும்படி ஒப்படைக்கப்பட்டனர். அன்ட்ரூவுக்கு அப்போது வயது பத்தளவே. உணவும் உடையுந் தொழிலறிவும் உண்டு. விலகிச் செல்லும் உரிமை இல்லை.

அத்தையற்கடையே அவருடைய பள்ளியாயிற்று. ஊசிகள் ஓடிக்கொண்டிருக்க, ஊரிலுள்ள சில படித்தவர்கள் அங்கு வந்து தொழிலாளருக்கு உரக்க வாசித்துக் காட்டுவது வழக்கம். பெரும் பேச்சாளரின் உரைகளைத் தொகுத்த நூலொன்று சிறுவனின் மனத்தை ஈர்த்தது. நாளடைவில் அந்நூல் அவனுக்கே அன்பளிப்பாகக் கிடைத்தது. எழுத்துக்கூட்டி வாசிக்க அவன் பழகியது இவ்வாறுதான். கல்வியின்மேல் உழைப்பாளர் கொண்ட தாகத்துக்கும், அறிந்ததை அறியாதவரோடு பகிர்ந்துகொண்ட நல்லுள்ளத்துக்கும் அக்கடை ஓர் எடுத்துக்காட்டு. இதை நாம் மறுக்கவேண்டியதில்லை.

1824இல் அண்ணனுந் தம்பியும் கடையைவிட்டு ஓடிப்போயினர். அவர்களைப் பிடித்துத் தருவோருக்குப் பத்து டொலர் பரிசளிப்பதாகச் செல்பி பத்திரிகையில் விளம்பரஞ் செய்தார். தப்பியோடிய அடிமைகளைத் தேடி அந்நாளையப் பத்திரிகைகளில் வெளிவந்த விளம்பரங்களுக்கும் இதற்கும் அமைப்பிற் பெரும் வேறுபாடு கிடையாது. வேறுபாடு வாழ்க்கையில் இருந்தது. தையற்காரச் சிறுவனின் கட்டு இருபத்தொரு வயதில் அவிழும். அடிமையின் கட்டோ அவனோடு முடியாது, அவன் பிள்ளைகளையும் பிணிக்கும். பதினைந்து வயதில் தன் பெயருக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டதைக் கண்ட ஒருவன், மற்ற விளம்பரங்களில் இருந்த பெயர்களைத் தன் பெயரோடு சேர்த்து எண்ணியிருக்கலாம். ஜோன்சனின் பிற்கால வாழ்வில் அந்த எண்ணத்தின் தடத்தைக் காண்பது அரிதாகவே உள்ளது.

1826இல், தாயையும் சிற்றப்பனையும் அழைத்துக்கொண்டு, மலைகளைக் கடந்து டென்னசி மாநிலத்துக்குச் சென்ற அவர், கிரீன்வில் என்னுஞ் சிற்றூரில் தையற்கடை வைத்தார். அவ்வூரிற் செருப்புத் தைப்பவரொருவரின் மகளான எலைசா மக்கார்டிலை 1827 மே மாதம் 17ஆந் திகதி மணந்தார். மணமகனுக்கு வயது பதினெட்டு, மணமகளுக்குப் பதினாறு. கணவனுக்கு அரிச்சுவடி கற்பித்தவர் எலைசாவே என்று ஒரு கதை பரவியுள்ளது. உண்மை அதுவன்று; வாசிக்க அவர் முன்னரே அறிந்திருந்தார். கணவனின் எழுத்தைத் திருத்தியதும், கணக்குக் கற்பித்ததும், அவர் தைத்துக்கொண்டிருக்கையில் அருகிலிருந்து வாசித்துக் காட்டியதும் எலைசாவின் பணி. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் காசநோயோடு போராடிய அப்பெண்ணின் பெயர் வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கின்றது. அயலிலிருந்த கல்லூரியின் சொற்போர்க் கழகத்துக்குச் சென்று ஜோன்சன் பேச்சுப் பழகினார். மாலை வேளைகளில் அவருடைய கடை ஊர் உழைப்பாளரின் அரசியல் மன்றமாக மாறிற்று.

இக்காட்சியின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அவர் பிறந்த வட கரோலைனாவின் சட்டமன்றம், அடிமைகளுக்கு எழுத வாசிக்கக் கற்பித்தல் குற்றமென 1830இல் விதித்தது. கற்பிக்கும் வெள்ளையருக்குத் தண்டமுஞ் சிறையும். கற்பிக்கும் அடிமைக்குக் கசையடி. ஏழை வெள்ளைச் சிறுவனுக்குப் பள்ளி இல்லை. எனினும் வாசித்துக் காட்ட ஒருவர் வருவதை எச்சட்டமுந் தடுக்கவில்லை. கறுப்பினச் சிறுவனுக்கோ அந்தக் குரல்கூடச் சட்டத்தால் அடைக்கப்பட்டது. ஒருவனுக்குக் கல்வி கிட்டாத பொருள். மற்றவனுக்கு அது விலக்கப்பட்ட பொருள். இவ்விரு வறுமைகளையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுப் பார்வையாகாது.

தையற்கடையிலிருந்து அரசியலுக்கு வந்த ஜோன்சன் படிப்படியாக உயர்ந்தார். நகரசபை உறுப்பினர், நகர முதல்வர், மாநில சட்டமன்ற உறுப்பினர், 1843 முதல் பத்து ஆண்டுகள் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர், 1853 முதல் டென்னசியின் ஆளுநர், 1857 முதல் செனற் சபை உறுப்பினர் என்பது அவர் ஏறிய ஏணி. தம் தொழிலை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. தையற்காரன் என்று சொல்லிக்கொள்வதிற் பெருமை கொண்டார். பெருந்தோட்ட முதலாளிகளின் செருக்கை மேடைதோறுஞ் சாடினார். நிலமற்ற குடும்பத்துக்கு 160 ஏக்கர் அரசநிலம் வழங்கவேண்டுமென 1846 முதல் வாதாடினார். 1862இல் அது லிங்கனின் ஆட்சியிற் சட்டமாயிற்று. 1854இல் ஆளுநராக இருந்தபோது, பொதுப் பள்ளிகளுக்கெனத் தனி வரி விதிக்கும் சட்டம் டென்னசியில் முதன்முறையாக நிறைவேறத் துணைநின்றார். பள்ளியைக் காணாத மனிதர் பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டார். அதை நாம் மதிக்கவே வேண்டும்.

ஆயின் ‘பிறர்’ என்னும் அச்சொல்லுக்கு அவர் கண்ட எல்லை எது? 1840களின் தொடக்கத்தில், கையிற் பணஞ் சேரத் தொடங்கியதும், டொலி என்னும் இளம்பெண்ணையும், அவளுடைய உடன்பிறப்பான சாம் என்னும் சிறுவனையும் ஜோன்சன் விலைகொடுத்து வாங்கினார். தென்னாட்டில் ஒருவன் கீழ்நிலையிலிருந்து மேலெழுந்தமைக்கு அடையாளம் அதுவே. பெருந்தோட்டக்காரனை வெறுத்த தையற்காரர், அவனுடைய அளவுகோலாலேயே தம் உயர்வை அளந்துகொண்டார். அடிமைச் சமுதாயம் ஏழை வெள்ளையனுக்குக் கற்பித்த பாடம் இது: மேலே இருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்படு, கீழே இருப்பவனைப் பார்த்து ஆறுதல் கொள். எழுத்தறியாதவனும் இப்பாடத்தைப் பிழையறக் கற்றான்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, பிரிந்து சென்ற மாநிலங்களின் செனற்றர்களுள் தம் இருக்கையை விட்டகலாது ஒன்றியத்தின் பக்கம் நின்றவர் ஜோன்சன் ஒருவரே. அத்துணிவு போற்றத்தக்கது. 1863 ஓகஸ்ட் 8ஆந் திகதி தம் அடிமைகளை அவர் விடுவித்தார் எனக் கூறப்படுகின்றது. அந்நாள் டென்னசியில் விடுதலை நாளாக இன்றும் நினைவுகூரப்படுகின்றது. 1864இல் நாஷ்வில் நகரிற் கூடிய கறுப்பின மக்களிடம், மோசேயைப் போல் அவர்களை விடுதலைக்கு வழிநடத்துவதாகவும் வாக்களித்தார். அடுத்த ஆண்டே அவர் கையில் நாடு வந்தது. வாக்கை நிறைவேற்றும் காலமும் வந்தது.

அப்போது நடந்தது என்ன? தென் கரோலைனா, ஜோர்ஜியா, புளோரிடாக் கரையோரங்களில், முதலாளிகள் விட்டோடிய நிலத்திற் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மேற்படாத காணித்துண்டுகள் 1865 சனவரியில் ஜெனரல் ஷேர்மனின் ஆணைப்படி ஒதுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அங்குக் குடியேறிப் பயிரிட்டனர். ஜோன்சன், கலகஞ் செய்த முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தையும் அவர்களுக்கே மீட்டுக் கொடுத்தார். இருபதினாயிரம் டொலருக்கு மேற்பட்ட சொத்துடையோர் மன்னிப்பைத் தனித்தனியே கேட்கவேண்டுமென அவர் விதித்திருந்தார். ஒருகாலத்தில் தம்மைக் குப்பையென இகழ்ந்த செல்வர் தம் வாயிலில் வந்து நிற்பதைக் காண்பதில் அவருக்கு நிறைவு இருந்திருக்கும். அந்நிறைவுக்கு விலை கொடுத்தவர்கள் உழுத நிலத்தை இழந்த ஏழைகளே. 160 ஏக்கருக்காகப் பதினாறு ஆண்டுகள் போராடியவர் நாற்பது ஏக்கரைப் பறித்தார்.

1866 பெப்ரவரியில் விடுதலை பெற்றோர் நலப் பணியகத்தின் காலத்தை நீடிக்கும் சட்டமூலத்துக்கு ஒப்பமளிக்க அவர் மறுத்தார். உணவு, நிலம், நீதி, பள்ளி ஆகியவற்றை விடுதலை பெற்ற மக்களுக்கு வழங்கிய அமைப்பு அது. தம் மறுப்புரையில் அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று, நம் சொந்த மக்களில் எவ்வகுப்பினருக்கும் காங்கிரசு இதுவரை பள்ளி அமைத்ததில்லை என்பது. பள்ளியின்மையின் துயரைத் தாமே அனுபவித்தவர், அத்துயரையே பிறருக்குப் பள்ளி மறுப்பதற்கு நியாயமாக்கினார். அடுத்த மாதம் குடியுரிமைச் சட்டமூலத்தையும் மறுத்தார். காங்கிரசு அவரை மீறி அதைச் சட்டமாக்கிற்று. 1868இல் பதவிநீக்க விசாரணையில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் அவர் தப்பினார்.

இம்மனப்போக்கின் வேர் 1866 பெப்ரவரி 7ஆந் திகதி நடந்த ஒரு சந்திப்பில் வெளிப்பட்டது. அடிமையாயிருந்து தப்பி, தாமே முயன்று கல்வி பெற்ற பிரெடரிக் டக்ளஸ் உள்ளிட்ட கறுப்பினத் தூதுக்குழுவினர் வாக்குரிமை கோரி அவரிடஞ் சென்றனர். ஏழை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே பகை உண்டு, வாக்குரிமை வழங்கினால் இனப்போர் மூளும் என்பது ஜோன்சனின் விடை. டக்ளஸ் எழுத்தில் அளித்த மறுமொழி கூர்மையானது: அப்பகை இயல்பானதன்று, இருவரையும் அடக்கியாள எசமானர்கள் மூட்டிய பகை அது. ஒருவரோடொருவர் மோதவிட்டே அவர்கள் இருவரையும் வென்றனர் என அவர் எடுத்துக்காட்டினார். அன்று சந்தித்த இருவரும் பள்ளியில் முறையாகப் பயிலாதோர். இருவரும் தேடிக் கற்றோர். ஒருவர் தாம் ஏறிய ஏணியைப் பற்றிப் பேசினார். மற்றவர் ஏணி ஏன் எல்லோருக்கும் இல்லை என்று கேட்டார்.

1875இல் மீண்டுஞ் செனற் சபைக்குத் தெரிவான ஜோன்சன் அவ்வாண்டு யூலையில் இறந்தார். ஆறு மாதங்களுக்குள் எலைசாவும் மறைந்தார். இதனிடையே, அவர் மறுத்த பணியகம் காங்கிரசின் உறுதியால் நீடித்தது. தென்னாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் எழ உதவியது. கறுப்பின மக்களுந் தம் சிறு வருவாயிலிருந்து காசு சேர்த்துப் பள்ளிகளைக் கட்டினர். பேரப்பிள்ளைகளின் அருகில் அமர்ந்து முதியோர் எழுத்துப் பழகினர்.

ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வங்களே! ஏழை ஒருவன் உயர்ந்தான் என்னும் கதையை நாம் இனியுஞ் சொல்வோம். சொல்லும்போது ஒரு கேள்வியையுஞ் சேர்த்துச் சொல்வோம்: உயர்ந்தபின் அவன் யாருடைய கையைப் பிடித்து ஏற்றினான், யாருடைய கையை உதறினான்? இக்கேள்வியைக் கேட்கப் பழகிய வகுப்பறையே உண்மையான பள்ளி. அன்ட்ரூ ஜோன்சன் தம் வாழ்நாளிற் காணாது போன பள்ளியும் அதுவே.