போனது இரண்டு பஸ், வந்தது ஒரு பஸ்

காலேஜ் ஃபுட்பால் ஆடி ஓய்ந்துபோன பெரியவர்களைத் தேடிப்போய்ப் பேசி வரலாறு எழுதுவது அமெரிக்காவில் தனி ஒரு வகை எழுத்தாகவே வளர்ந்திருக்கிறது. (ஃபுட்பால் என்றால் இங்கே காலால் உதைக்கும் ஆட்டம் இல்லை. ஹெல்மெட் மாட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவார்களே, அது!) இந்த வகையில் அதிகம் பேசப்பட்டது ஜிம் டென்ட் என்ற டெக்சஸ் விளையாட்டு எழுத்தாளர் 1999-ல் எழுதிய 'தி ஜங்ஷன் பாய்ஸ்'. 1954-ல் வெறும் பத்து நாள் நடந்த ஒரு பயிற்சி முகாம்தான் கதை. அப்போது இருபது வயசுப் பையன்களாக இருந்தவர்களிடம், அவர்கள் தாத்தா ஆனபிறகு கேட்டு எழுதியது. 2002-ல் ஈஎஸ்பிஎன் அதை டிவி படமாகவும் எடுத்தது.

இந்த மாதிரி புத்தகத்தில் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. எழுதுகிறவர் யாரைப் போய்ப் பார்க்கிறார், யாரைப் பார்க்காமல் விடுகிறார் என்பதுதான் அது. ஜங்ஷன் கதையில் அது நன்றாகவே தெரிகிறது.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 1954-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தை விட்டு டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்குக் கோச்சாக வந்தார் பால் பிரையன்ட். 'பேர்' பிரையன்ட், அதாவது கரடி பிரையன்ட் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வந்ததும் டீமைப் பார்த்தார், பிடிக்கவில்லை. பழைய மாணவர்கள், பெற்றோர் என்று யார் தொந்தரவும் இல்லாத இடம் வேண்டும் என்று, செப்டம்பர் தொடக்கத்தில் பையன்களை இரண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மேற்கே ஜங்ஷன் என்ற சின்ன ஊருக்குப் போனார். அங்கே கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு இடம் இருந்தது. தகரக் கொட்டகைகள், கல்லும் முள்ளுமான ஒரு பொட்டல். அவ்வளவுதான் மைதானம்!

டெக்சஸில் அப்போது பல வருஷமாக மழை பொய்த்து வறட்சி. வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. விடிவதற்கு முன்பே எழுப்பி ப்ராக்டீஸ், மறுபடி மதியத்துக்கு மேல் ப்ராக்டீஸ். நடுவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. இதைப் பிரையன்டின் தனிப்பட்ட கொடுமை என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் குடித்தால் ஆட்டக்காரன் மெத்தனமாகிவிடுவான் என்று அந்தக் காலத்துக் கோச்சுகள் பலரும் நம்பினார்கள். ஒரு வீரர் வெப்பத் தாக்குதலில் சுருண்டு விழுந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்.

பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கோச் முகத்தில் விழிக்கப் பயந்து இரவோடு இரவாக மூட்டை கட்டியவர்களும் உண்டு. பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் போனால் படிப்பே போய்விடும் என்ற நிலை. அதையும் விட்டுவிட்டுப் போனார்கள் என்றால் உள்ளே எப்படி இருந்திருக்கும்! இரண்டு பஸ்ஸில் போய் ஒரு பஸ்ஸில் திரும்பினோம் என்று பின்னாளில் சொல்லிச் சொல்லியே அந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர் ஜீன் ஸ்டாலிங்ஸ். கடைசிவரை நின்றவர்களில் அவரும் ஒருவர். போனவர்கள் சுமார் 100 பேர், மிஞ்சியவர்கள் 35 பேர் என்பது பரவலான கணக்கு. மிஞ்சியது 30-க்கும் குறைவு என்பவர்களும் உண்டு. நூறு பேர் கண் முன்னால் நடந்த விஷயத்தில் தலைக்கணக்கே ஒத்துவரவில்லை! வாய்மொழி வரலாற்றில் இதெல்லாம் சகஜம்.

மிஞ்சியவர்கள் பெரிய ஆட்களானார்கள். ஸ்டாலிங்ஸ் பிற்பாடு அலபாமாவின் கோச்சாக 1992-ல் தேசிய சாம்பியன்ஷிப் ஜெயித்தார். ஜாக் பார்டீ தொழில்முறை ஆட்டத்தில் வீரராகவும் கோச்சாகவும் பேர் வாங்கினார். அவர் 2013-ல் இறந்தார். இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம், இவர்களுக்குப் பேசவும் பிடிக்கும். 1979-ல் ஜங்ஷனிலேயே 25-ம் ஆண்டு சந்திப்பு நடந்து, பிரையன்டும் வந்தார். அப்போது கொடுத்த மோதிரத்தோடுதான் 1983-ல் அவரைப் புதைத்தார்கள். கேட்கிறவர் கண் கலங்குகிற மாதிரியான கதைதான்.

அந்தச் சந்திப்பு கடைசிவரை நின்றவர்களுக்கானது. நடுவில் கிளம்பிப்போன அறுபத்துச் சொச்சம் பேருக்குச் சங்கமும் இல்லை, மோதிரமும் இல்லை. மியூச்சுவல் ஃபண்டு சராசரி போடும்போது, நஷ்டத்தில் மூடிப்போன ஃபண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மிச்சமிருப்பதெல்லாம் அமோகமாகத் தெரியும். காமர்ஸ் பாடத்தில் இதற்கு சர்வைவர்ஷிப் பயஸ் என்று பேர். ஜங்ஷன் கதையும் கிட்டத்தட்ட அப்படிப் போட்ட சராசரிதான்.

பேட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு மேட்ச் முடிவுகளை மட்டும் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. இவ்வளவு பாடுபட்டு அந்த 1954 சீசனில் டீம் ஆடியது 10 ஆட்டம், ஜெயித்தது ஒன்றே ஒன்று. பிரையன்ட் தலைமைக் கோச்சாக இருந்த காலம் முழுக்கத் தோல்வி அதிகமான ஒரே சீசன் அதுதான். 1956-ல் ஒரு தோல்வி கூட இல்லாமல், ஒரே ஒரு டிராவோடு சௌத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் பட்டம் ஜெயித்தது உண்மை. ஆனால் அந்த டீமில் ஜங்ஷனைப் பார்க்காதவர்களும் நிறைய. 1957-ல் ஹைஸ்மன் கோப்பை வாங்கிய ஜான் டேவிட் க்ரோ 1954-ல் முதல் வருஷ மாணவர். முதல் வருஷத்தார் மெயின் டீமில் ஆட முடியாது என்பதால் ஜங்ஷனுக்கே போகவில்லை. பத்து நாள் நரகம்தான் சாம்பியன்களைச் செதுக்கியது என்று சொல்கிறவர்கள் இதை ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. நல்ல வீரர்களை வலைபோட்டுச் சேர்த்ததும் ஒரு காரணம். அந்தச் சேர்ப்பில் விதிமீறல் என்று கல்லூரிக்குத் தடை விழுந்து, 1956 சாம்பியன்கள் பௌல் ஆட்டத்துக்கே போக முடியவில்லை.

இதில் ஆச்சரியம், பிரையன்டே தன் கட்சியில் முழுசாக இல்லை! 1974-ல் வந்த சுயசரிதையில், தான் செய்தது நல்லதா கெட்டதா என்று தெரியாது, இப்போதானால் தண்ணீர் கொடுப்பேன், ஓய்வு கொடுப்பேன் என்கிற அர்த்தத்தில் எழுதினார். அந்தப் பையன்களில் ஒருவனாக இருந்திருந்தால் தானும் ஓடிப்போயிருப்பேன் என்றும் சொல்லிவிட்டார். ஓடிப்போனவர்களுக்கு ஆதரவாக வந்த பெரிய சாட்சி அவர்தான் போலும்.

வெயிலுக்கு உடம்பு பழகுவதற்காக முதல் ஐந்து நாள் பயிற்சியை மெதுவாக ஆரம்பிக்க வேண்டும் என்று என்சிஏஏ விதி போட்டது 2003-ல். அதற்குப் பிறகும் 2018-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது வீரர் பயிற்சியில் வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி, இரண்டு வாரம் கழித்து இறந்தார். அங்கே கோச் வேலையை இழந்தார்.

1954-ல் இரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனை விட்டு நடந்த பையன்களில் இன்று யாராவது உயிரோடு இருந்தால் தொண்ணூறு வயதை ஒட்டியோ, தாண்டியோ இருப்பார்கள். டெக்சஸ் பக்கம் டேப் ரெக்கார்டரோடு கிளம்ப நினைக்கிற ஆராய்ச்சி மாணவர்கள், ஸ்டாலிங்ஸ் பேட்டியை இன்னொரு தடவை படிப்பதற்குப் பதிலாக இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.