சுத்தியலுக்குள் காற்று புகுந்த கதை

கிரைண்டர், டிரில்லிங் மெஷின், டைல்ஸ் கட்டர், பிரேக்கர்... இதில் ஏதாவது ஒன்றை தினமும் பிடிக்கிறவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இந்த த்ரெட் அவருக்காகத்தான். கொஞ்சம் வரலாறு, கடைசியில் கொஞ்சம் மருத்துவம்.

1/ உளியும் சுத்தியலுமாகக் கல் கொத்திக்கொண்டிருந்த மனிதனுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியல் கிடைத்தது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி! வேலை வேகமானது. கூடவே இரண்டு தொல்லை வந்து சேர்ந்தது. ஒன்று தூசி, இன்னொன்று அதிர்வு.

2/ முதலில் தூசி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பேரி என்று ஒரு ஊர். கிரானைட்டுக்குப் பேர் போனது. இத்தாலியிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கல்தச்சர்கள் பிழைக்க வந்தார்கள். கடுங்குளிர் என்பதால் மூடிய கொட்டகைக்குள் வேலை. மெஷின் கிளப்பிய தூசி வெளியே போக வழியில்லை.

3/ கிரானைட்டில் சிலிகா அதிகம். கண்ணுக்குத் தெரியும் தூசி கீழே விழுந்துவிடும். தெரியாத பொடிதான் நுரையீரலின் அடி வரை போகும். அதை விழுங்கும் வெள்ளணுக்கள் செத்துவிழ, அந்த இடம் தழும்பாக இறுகும். இதுதான் சிலிகோசிஸ். கூடவே டிபியும் சுலபமாகத் தொற்றும். பேரியில் எத்தனையோ கல்தச்சர்கள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

4/ தீர்வு என்னவாக இருந்தது தெரியுமா? 1930களின் இறுதியில், உளி படும் இடத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாய்களை வைத்தார்கள். அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் சிலிகோசிஸ் அநேகமாகக் காணாமலே போனது. மருந்தால் இல்லைங்க, குழாயால்!

5/ இப்போ அதிர்வு. இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல். சிலிகா குறைவு, அதனால் நுரையீரலுக்கு அந்த அளவு ஆபத்தில்லை. ஆனால் குளிர்ந்த காலையில் தொழிலாளிகளின் விரல்கள் பிணம் மாதிரி வெளுத்து மரத்துப்போயின.

6/ 1918ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் நேரில் போய்ப் பரிசோதித்தார். உளியைப் பிடிக்கும் இடது கை விரல்களில்தான் பாதிப்பு அதிகம். மெஷினின் அதிர்வும், இறுகப் பிடிப்பதும், குளிரும் சேர்ந்து விரலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன என்று எழுதி வைத்தார்.

7/ பிரிட்டனில் இது இழப்பீடு தரவேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்ந்தது எப்போது? 1985ல். ஹாமில்டன் சொல்லி 67 வருஷம் கழித்து!

8/ ஏன் இவ்வளவு தாமதம்? இது ஆளைக் கொல்லாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, டாக்டரிடம் வருவதற்குள் கை சூடாகி விரல் பழைய நிறத்துக்கு வந்துவிடும். பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

9/ நம்ம ஊர் வெயிலில் விரல் வெளுக்காமலே போகலாம். ராத்திரி மதமதப்பு, ஊசி குத்துவது, சட்டைப் பட்டன் போட முடியாமல் தடுமாறுவது, இதெல்லாம் இருந்தால் கவனியுங்கள். விரல் வெளுத்தால் உடனே செல்போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். என்ன மெஷின், தினமும் எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லுங்கள்.

10/ பேரி சொன்ன பாடம்: தூசியைக் கிளம்பும் இடத்திலேயே பிடியுங்கள். தண்ணீர் விட்டு அறுங்கள் (அதற்கென்றே செய்த மெஷினா, ஈஎல்சிபி இருக்கிறதா என்று பார்த்து), இல்லையென்றால் உறிஞ்சும் குழாய் மாட்டுங்கள். அதற்கு மேல்தான் என்95 மாஸ்க். முகத்தில் கட்டும் துண்டு சிலிகாவைத் தடுக்காது.

11/ பெட்ஃபோர்டு சொன்ன பாடம்: மழுங்கின பிளேடை மாற்றுங்கள். தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்காதீர்கள். நடுநடுவே மெஷினைக் கீழே வையுங்கள், அல்லது ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் இந்த இரண்டு நோய்க்குமே எண்ணெய் ஊற்றும்.

12/ சிலிகோசிஸ் தழும்பை அழிக்க இன்றும் மருந்து கிடையாது. முற்றிவிட்ட விரல் மரப்பும் முழுசாகத் திரும்பாது. அதனால் தயவுசெய்து, மெஷின் பிடிக்கும் ஒருவரிடமாவது இதைப் படித்துக் காட்டுங்கள்.